இரண்டு டிக்கெட்டுக்கு நடுவில் ஒரு நாள்: கோத்தகிரியிலிருந்து தோஹாவுக்கு அம்மாவுடன்

முதல் நாள், புதன், கோத்தகிரி

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போது தூறல்தான். குஞ்சப்பனை தாண்டியதும் மேகம் இறங்கி வந்து கண்ணாடியில் அப்பிக்கொண்டது. டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தபடி ஏற்றினார். எனக்கு முன்சீட்டில் இருந்த பாட்டி மடியிலிருந்த கீரைக்கட்டுகளை முந்தானையால் மூடிக்கொண்டார். ஈரமண் வாசனையோடு யூகலிப்டஸ் வாசனையும் உள்ளே வந்தது. ஊர் வந்துவிட்டது.

தோஹாவில் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. இந்த முறை வந்திருப்பது அம்மாவைக் கூட்டிப் போக. மூன்று மாதம் எங்களோடு இருந்துவிட்டு வருவார். விசா கையில் இருக்கிறது. அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது, முழங்கால் வலி உண்டு, இதுவரை விமானம் ஏறியதில்லை. ஞாயிறு மாலை கோவையிலிருந்து சென்னைக்கு ஒரு விமானம். செவ்வாய் அதிகாலை 4 மணிக்குச் சென்னையிலிருந்து தோஹாவுக்கு இன்னொன்று. இரண்டும் தனித்தனி டிக்கெட். தினமும் ராத்திரி இங்கே எழுதப்போகிறேன். மலையில் இருந்துகொண்டு வெளிநாட்டுக்கு இப்படி டிக்கெட் எடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான்.

முதலில் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன், இதே மழைக்காலம். விடுமுறை முடிந்து கிளம்பினேன். கோவை–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–தோஹா போய்வர இன்னொரு டிக்கெட். அடுத்த விடுமுறைக்கு ஊர் திரும்புகிற பயணமும் அந்த இரண்டாவது டிக்கெட்டிலேயே இருந்தது. நடுவில் நான்கு மணி நேரம். தாராளம் என்று நினைத்தேன். மழையால் கோவைக்கு வர வேண்டிய விமானம் வரவில்லை. கடைசியில் மூன்றேகால் மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. சென்னையில் இறங்கி, பெட்டிக்காக நின்று, பெட்டியை இழுத்துக்கொண்டு பன்னாட்டு முனையத்துக்கு ஓடிப் போனால் கவுன்ட்டர் எப்போதோ மூடியாகிவிட்டது. புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள்.

அங்கே இருந்த பெண் பொறுமையாகத்தான் பேசினார். "சார், உங்க டிக்கெட் சென்னையிலிருந்துதான் ஆரம்பிக்குது. நீங்க எதுல இங்க வந்தீங்கன்னு எங்க சிஸ்டத்துல இல்ல." முதல் விமானக்காரர்களிடம் போனேன். "சென்னைல இறக்கிட்டோமே சார்" என்றார்கள். இருவர் சொன்னதும் சரிதான். வர வேண்டியவன் வரவில்லை என்று என் பெயருக்கு நேரே பதிவானது. அதோடு அந்த டிக்கெட்டில் இருந்த திரும்பும் பயணமும் ரத்தாகிவிட்டது. முதல் பயணத்துக்கு ஏறாவிட்டால் அதே டிக்கெட்டின் மீதிப் பயணங்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் ரத்து செய்துவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. புது டிக்கெட் 29,300 ரூபாய். தனித்தனியாக எடுத்ததில் நான் மிச்சம் பிடித்திருந்தது 7,000.

ஒன்று மட்டும் திரும்பக் கிடைத்தது. விமானத்தில் ஏறாமல் போனாலும் டிக்கெட்டில் இருக்கும் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் விதி இருக்கிறது. எழுதிக் கேட்டேன், கொடுத்தார்கள். நிறையப் பேர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கேளுங்கள்.

இரண்டாம் நாள், வியாழன், கோடநாடு

காலையில் மழை விட்டிருந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோடநாடு காட்சிமுனைக்குப் போனேன். ஐம்பது வருடமாக இந்த மலையில் இருக்கிறவர், அங்கே இரண்டே முறை போயிருக்கிறார். தோட்டத்து வேலையில் ஞாயிறு ஒரு நாள்தான் கிடைக்கும், அதுவும் துணி துவைக்கவும் விறகு பொறுக்கவும் சரியாகிவிடும்.

அரை மணி நேரம் வெள்ளைத் திரை மாதிரி மேகம். அப்புறம் மெல்லக் கிழிந்தது. கீழே மாயாறு, அதன் கரையில் தெங்குமரஹடா வயல்கள், தூரத்தில் பவானிசாகர் தண்ணீர். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் தம்பி, ரெண்டு டிக்கெட்டுன்னா ரெண்டு தடவ காசா?"

"ஆமாம்மா. ஆனா ரெண்டையும் கூட்டினாலும் ஒரே டிக்கெட்ட விடக் கம்மி."

கணக்கு இதுதான். கோவையிலிருந்து தோஹாவுக்கு ஒரே டிக்கெட்டாக எங்கள் இருவருக்கும் பார்த்தபோது 71,000 சொன்னது. மும்பை வழி, அங்கே பதினொரு மணி நேரம் காத்திருப்பு. தனித்தனியாக எடுத்தால் 52,600. பதினெட்டாயிரம் வித்தியாசம் எங்களுக்குப் பெரிய தொகை.

"அப்ப எதுக்கு நீ இவ்ளோ யோசிக்கிற?"

கீழே கையைக் காட்டினேன். "தெங்குமரஹடாவுக்குப் பஸ் ஆத்தங்கரை வரைக்கும்தானே போகும்? அங்கிருந்து பரிசல். ஆத்துல வெள்ளம் வந்து பரிசல் போகலன்னா பஸ்காரர் என்ன பண்ணுவாரு?"

"என்ன பண்ணுவாரு, இறக்கி விட்டுட்டுத் திரும்பிப் போயிடுவாரு."

"அதேதாம்மா."

அம்மாவுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. உங்களுக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

ஒரே டிக்கெட் என்றால் கடைசி ஊர் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டு பணம் வாங்கியிருக்கிறார்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அடுத்ததில் இடம் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் பெரும்பாலும் நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடும். தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டு ஒப்பந்தம். முதல் விமானம் தரை தொட்டதும் முதல் ஒப்பந்தம் முடிந்தது. இரண்டாவது அதன் கவுன்ட்டரில் நீங்கள் போய் நிற்கும்போதுதான் தொடங்குகிறது. நடுவில் இருக்கிற ஆறு நம்முடையது.

பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஒரே இணையதளத்தில், ஒரே முறை பணம் கட்டி எடுத்தால் ஒரே டிக்கெட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. மலிவாக வருகிறதே என்று இரண்டு நிறுவனத்தை ஒட்டிக் காட்டுகிற தளங்கள் உண்டு. ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’, அதாவது மாறுவது உன் பொறுப்பு என்று, ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஒரே நிறுவனத்திலேயே இரண்டு முறையாகப் பதிவு செய்தாலும் அது இரண்டு டிக்கெட்தான். பெரிய நிறுவனங்களின் டிக்கெட்டில் 13 இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் மூன்று இலக்கம் அந்த நிறுவனத்தின் எண். எல்லாப் பயணமும் அந்த ஒரே எண்ணின் கீழ் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி எண் போடாத நிறுவனம் என்றால் எல்லாம் ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் பணம் கட்டும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

திரும்பி வரும் வழியில் அம்மா, அந்தக் காலத்தில் சென்னையையும் கொழும்பையும் இணைத்த போட் மெயில் ரயிலைப் பற்றிச் சொன்னார். அம்மாவின் தாத்தா இலங்கைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர், ஊருக்கு வந்து போகிறவர். "பட்டணத்துல எழும்பூர் ஸ்டேஷன்ல ஒரு டிக்கெட் வாங்கினா கொழும்பு வரைக்கும் அதே டிக்கெட்டுதானாம். கோச்சி, கப்பல், மறுபடி கோச்சி." கோச்சி என்றால் ரயில். அம்மா சொன்னது உண்மைதான். 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபிறகு ரயில் தனுஷ்கோடி வரை போகும், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. அதன் பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு வந்தது.

அந்தக் கப்பலில்தான் அம்மா வந்தார், 1974-ல், பன்னிரண்டு வயதில். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்க இரு நாடுகளும் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்த லட்சக்கணக்கான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஹட்டனில் ஏறிய கோச்சியில் எல்லாரும் அழுதுகொண்டே வந்தார்களாம். தலைமன்னார் துறையில் தாத்தா காகிதங்களோடு வரிசையில் நிற்கப் போய்விட்டார். "பெட்டிய விட்டு நகரக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு. நான் தகரப்பெட்டி மேல ஏறி உக்காந்துக்கிட்டேன். உன் சின்னம்மா என் மடியில தூங்கிட்டா. வெயில் சாயற வரைக்கும் நான் எறங்கவே இல்ல."

பிறகு மண்டபம் முகாம், அங்கிருந்து இந்த மலை. தாயகம் திரும்பியவர்களுக்காக 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள், இன்று டான்டீ. அம்மா அங்கே கொழுந்து எடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார்.

மூன்றாம் நாள், வெள்ளி, குன்னூர்

அம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. குன்னூர் போனோம். வேலை முடிந்ததும் அம்மா ரயிலைப் பார்க்க வேண்டும் என்றார். நேற்று ராத்திரி மழையில் தண்டவாளத்தில் மண் விழுந்ததால் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் வரவில்லை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில்தான் பல்சக்கரப் பாதை, மழைக்காலத்தில் அந்தப் பகுதிதான் முதலில் அடிவாங்கும். 1899-ல் இருந்து இதே கதை. குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

பிளாட்பாரத்தில் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம். நீலகிரி எக்ஸ்பிரஸில் விடிகாலை மேட்டுப்பாளையம் வந்து, மலை ரயில் ரத்து என்று தெரிந்து, பஸ் பிடித்து ஏறி வந்திருக்கிறார்கள். ரத்தானதால் காசு திரும்ப வந்துவிடும், குழந்தைகளுக்குத்தான் ஏமாற்றம். அந்தக் குடும்பத்துத் தலைவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது ஒன்று சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். ரயிலில் 2019 ஏப்ரல் முதல் இரண்டு பிஎன்ஆரை இணைத்து வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. பயணிகள் விவரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் ரயில் தாமதமாகி அடுத்த ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததன் கட்டணம் பிடித்தம் இல்லாமல் திரும்ப வரும். இருநூறு ரூபாய் டிக்கெட்டுக்கும் அந்த வசதி உண்டு. தனித்தனியாக எடுத்த இரண்டு விமான டிக்கெட்டை அப்படி இணைக்க வழி இல்லை. இருபதாயிரம் ரூபாய் டிக்கெட்டாக இருந்தாலும் இல்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. இரண்டு நிறுவனங்கள் பேசிக்கொள்ள முடியாது என்றால் சரி, ஒரே நிறுவனத்தின் இரண்டு டிக்கெட்டையாவது இணைக்கலாமே.

பயணக் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நானும் எடுத்திருக்கிறேன். தொடர் விமானம் தவறினால் பணம் என்று மேலே எழுதியிருக்கும். எந்த நிலையில் என்பது உள்ளே இருக்கும். தனித்தனி டிக்கெட்டுக்கு உண்டா, நடுவில் எத்தனை மணி நேரம் இருக்க வேண்டும் என்பதைப் படித்துவிட்டு எடுங்கள்.

நான்காம் நாள், சனி, கோத்தகிரி

நாள் முழுக்க மழை. வீட்டுக்குள்ளேயே பெட்டி கட்டினோம்.

அடுத்த வீட்டு மாமா பச்சை இலை வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்புகிறவர். அவரிடமிருந்து இலை எடை போடுகிற தொங்கு தராசைக் கேட்டு வாங்கி வந்தேன். விட்டத்தில் கயிறு கட்டி மாட்டினேன். முதல் பெட்டியைக் கொக்கியில் மாட்டப் போனபோது அம்மா, "இரு" என்று சொல்லிவிட்டு ஒரு கையால் பெட்டியைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கினார். மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினார். கண்ணை மூடித் திறந்தார்.

"பதினெட்டு. கொஞ்சம் கூட."

தராசு முள் பதினெட்டேகாலில் நின்றது.

முப்பத்தைந்து வருடம் முதுகில் இலை சுமந்தவர். இலங்கையில் இருந்தபோது கொழுந்து மடுவத்தில் (இலை நிறுக்கும் கொட்டகையில்) பாட்டி றாத்தல் (பவுண்டு) கணக்கில் எடை போட்டதையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். "கணக்கப்பிள்ளை சொல்றதுக்கு முன்னாடி நமக்குத் தெரிஞ்சிருக்கணும். இல்லன்னா ரெண்டு கிலோ போயிடும்" என்றார்.

எடை விஷயத்தில் தனி டிக்கெட் எப்படிக் கடிக்கும் என்று சொல்கிறேன். எங்கள் தோஹா டிக்கெட்டில் ஆளுக்கு 30 கிலோ. உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு 15 கிலோதான், கையில் 7. ஒரே டிக்கெட்டாக இருந்தால் கோவையிலிருந்தே வெளிநாட்டு அளவு பொருந்தியிருக்கும். இப்போது இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் பெட்டி கட்ட வேண்டும். மேலே போகிற ஒவ்வொரு கிலோவுக்கும் விமான நிலையத்தில் தனிக் கட்டணம். முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் கொஞ்சம் குறையும். அம்மா பெயரில் கூடுதலாக 5 கிலோ வாங்கி வைத்தேன். டிக்கெட் விலையை ஒப்பிடும்போது இதையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். பதினெட்டாயிரம் மிச்சம் என்றேனே, இப்போது பதினாறரை.

பெட்டியில் தேயிலைத்தூள் மூன்று கிலோ, பட்டர் பீன்ஸ், ஊட்டி வர்க்கி. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த வர்க்கி அது, என் பையனுக்கு உயிர். கசகசாவை வெளியே எடுத்து வைத்தேன். நம் ஊரில் குருமாவுக்குப் போடுவது, வளைகுடாப் பக்கம் போதைப்பொருள் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். முதல் முறை போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

அப்புறம் போன் வேலை. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும். கோவை விமானத்துக்கு நான் கேட்டு வைத்தது தோஹா விமானத்துக்குத் தெரியாது, தனியாகக் கேட்க வேண்டும். இரண்டு இடத்திலும் எடுத்துச் சொல்லி உறுதி செய்தேன். பெயரையும் பார்த்துக்கொண்டேன். நம் இனிஷியல் வழக்கத்தால் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ கணவர் பெயரோ குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு டிக்கெட்டில் அது முன்னால், இன்னொன்றில் பின்னால் என்றிருந்தால் கவுன்ட்டரில் நின்று விளக்க வேண்டும். எங்களுக்கு ஒரு டிக்கெட்டில் ஓர் எழுத்து மாறியிருந்தது. திருத்திக் கொடுத்தார்கள்.

ராத்திரி எட்டு மணிக்கு மழை கூரையில் கொட்டுகிறது. அம்மா கேட்டார், "காலைல எத்தன மணிக்கு?" விமானம் மாலை 7.40-க்கு. கோவை விமான நிலையம் சுமார் 70 கிலோமீட்டர். ஒன்பது மணிக்குக் கிளம்பலாம் என்றேன். "எட்டுக்கே போயிடலாம்" என்றார்.

ஐந்தாம் நாள், ஞாயிறு, இறக்கம்

எட்டுக்கே கிளம்பினோம். குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் வண்டிகள் வரிசையாக நின்றன. மரம் விழுந்திருந்தது. வேரோடு சாய்ந்த பெரிய மரம், சாலையை முழுக்க மறித்து, அடிமரத்தில் செம்மண் ஒட்டியபடி. தீயணைப்புத் துறையினரும் நெடுஞ்சாலைத் துறையினரும் மழைக்கோட்டோடு வந்து மெஷின் வைத்து அறுக்கத் தொடங்கினார்கள். மேலே இன்னொரு கிளை தொங்கிக்கொண்டிருந்தது, அதைக் கயிறு கட்டி இறக்கிய பிறகுதான் மற்ற வேலை. இந்த மழைக் காலங்களில் நீலகிரி பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். 2009 நவம்பர் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். யாரும் சத்தம் போடவில்லை, காத்திருந்தார்கள்.

எங்களுக்கு முன்னால் நின்ற காரில் ஒரு இளைஞர். லண்டனில் படிக்கிறாராம். இரண்டரை மணிக்குக் கோவையிலிருந்து மும்பை, அங்கிருந்து லண்டன். "ஒரே டிக்கெட்தான் அண்ணா, லேட்டானா அவங்க பாத்துக்குவாங்க" என்றார்.

இந்த இடத்தை நான் யோசித்து வைத்திருந்தேன். ஒரே டிக்கெட் காப்பாற்றுவது விமானம் தாமதமானால். நாம் தாமதமானால் காப்பாற்றாது. முதல் விமானத்துக்கு அவர் போய்ச் சேராவிட்டால் லண்டன் வரை மொத்தமும் ரத்தாகிவிடும். மலைக்காரர்களுக்கு முதல் இணைப்பு கோத்தகிரிக்கும் பீளமேட்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதை எந்த டிக்கெட்டிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

"தம்பி, விமானம் கிளம்பறதுக்கு முன்னாடியே போன் போட்டுடு. கிளம்பினப்புறம் போட்டா வரலன்னு பதிஞ்சிருவாங்க" என்றேன். சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது. மழையில் நனைந்துகொண்டே மேல்வளைவு வரை ஏறிப் போய்ப் பேசினார். இருபது நிமிடம் கழித்து முகம் தெளிந்து வந்தார். மாலை விமானத்துக்கும் நாளைய லண்டன் விமானத்துக்கும் மாற்றிக் கொடுத்தார்களாம், வித்தியாசக் கட்டணம் வாங்கிக்கொண்டு. அம்மா அவருக்குத் தூக்குப் பாத்திரத்திலிருந்து தேங்காய்ச் சாதம் எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு மணி பத்து நிமிடம் நின்றோம். மேட்டுப்பாளையத்தில் சாப்பிட்டு, கோவை வந்தபோது மணி மூன்று.

கவுன்ட்டரில் பெட்டியைப் போட்டதும் அம்மா, "இனி தோஹாவுலதானே?" என்றார். நான் அந்த ஊழியரிடம் கேட்டுப் பார்த்தேன். "வேற பிஎன்ஆர் சார், சென்னை வரைக்கும்தான் போட முடியும்." பட்டையில் சென்னையின் குறியீடான எம்ஏஏ என்ற மூன்று எழுத்து மட்டும். உள்நாட்டுக்குள் மாறுவதால் எங்களுக்குச் சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி போடுகிற அலைச்சலோடு போயிற்று. வேறு நாட்டில் மாறுகிறவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். பெட்டி எடுக்க வேண்டுமானால் அந்த நாட்டுக் குடியேற்றத்தைத் தாண்டி வெளியே வர வேண்டும், அதற்கு அந்த நாட்டு விசா தேவைப்படலாம். விசா இல்லை என்றால் முதல் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள்.

விமானம் ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம். அறிவிப்பு வந்தபோது என்னையறியாமல் வயிறு இறுகியது. பழைய நினைவு. கடிகாரத்தைப் பார்த்தேன், நாளை மறுநாள் அதிகாலைக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. அம்மா ஜன்னல் கண்ணாடி வழியாக ஓடுதளத்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டு, "நிக்கிற பிளேன் இவ்ளோ பெருசா இருக்கு" என்றார்.

ஆறாம் நாள், திங்கள், பல்லாவரம்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குச் சின்னம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். விமான நிலையத்திலிருந்து ஜிஎஸ்டி சாலையில் ஆட்டோவுக்குப் பத்து நிமிடம்.

இரண்டு டிக்கெட்டுக்கும் நடுவில் ஒரு முழு நாள் விட்டது இதற்காகவும்தான். டிக்கெட் தேடும்போது ஞாயிறு இரவே தோஹா விமானம் இருந்தது, விலையும் கிட்டத்தட்ட அதேதான். ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் பதினொரு மணி நேரமும் மும்பையில் இரும்பு நாற்காலியில் போயிருக்கும். தனித்தனி என்பதால் நடுவில் எவ்வளவு விடுவது என்பது என் கையில் இருந்தது. அக்காவும் தங்கையும் பார்த்து நான்கு வருடம் ஆகிறது. கோவையில் தாமதமானாலும், ஏன், ஞாயிற்றுக்கிழமை விமானமே ரத்தாகியிருந்தாலும், இரவு ரயிலேறி வந்து சேர்ந்திருக்கலாம். நேரம் விடுவதற்கு என் அளவு இதுதான்: முதல் விமானம் ரத்தானால் வேறு வழியில் வந்து சேர முடியுமா? முடியும் என்றால்தான் தனித்தனியாக எடுப்பேன்.

போகிற வழிக்குத்தான் இவ்வளவு கவனம். வருகிற வழியில் தோஹா விமானம் தாமதமாகி உள்நாட்டு டிக்கெட் போனாலும் நாலாயிரம், ஐயாயிரத்தோடு போகும். சேரன் ரயிலோ நீலகிரி ரயிலோ ஏறிவிடலாம்.

பகல் முழுக்க இரண்டு பேரும் வாசல் திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு விமானம் தலைக்கு மேலே போகும், அப்போது மட்டும் நிறுத்துவார்கள். சின்னம்மாவுக்குக் கப்பல் ஞாபகமே இல்லை, ஆறு வயது. தகரப்பெட்டியின் சூடு மட்டும் தொடையில் நினைவிருக்கிறது என்றார். "நீதான் மடியில தூங்கினியே, உனக்கு எப்படிச் சூடு தெரியும்?" என்று அம்மா கேட்டார். "ஒரு கால் கீழே பட்டுச்சு அக்கா" என்றார் சின்னம்மா. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

சாயங்காலம் சின்னம்மா மீன் குழம்பு வைத்தார். இலங்கைப் பக்குவம், தேங்காய்ப்பால் விட்டு.

செவ்வாய், அதிகாலை 2.10, சென்னை விமான நிலையம்

பாதுகாப்புச் சோதனை முடித்து உட்கார்ந்து எழுதுகிறேன். பன்னிரண்டரைக்கே வந்துவிட்டோம். சக்கர நாற்காலி தயாராக இருந்தது. கவுன்ட்டர் திறக்கும் வரை அம்மா நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பெரிய பெட்டியைப் படுக்கவைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் முறை வந்தது. அம்மா பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "பதினேழு" என்றார். சின்னம்மா வீட்டில் வர்க்கியும் கொஞ்சம் தூளும் கொடுத்துவிட்டு வந்தோம், அதுதான் குறைவு. பெல்ட்டில் வைத்ததும் எண் 17.1 என்று எரிந்தது. கவுன்ட்டரில் இருந்த பையன் புதுப் பட்டையைச் சுற்றி ஒட்டினான். இந்த முறை டிஓஎச், தோஹா.

"இனி எங்க எடுக்கணும்?"

"தோஹாவுலம்மா."

பெட்டி மெல்ல நகர்ந்து உள்ளே போயிற்று. ரப்பர் திரை ஆடி நிற்கும் வரை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார்.